இவரை கவுன்சிலிங்குக்கு கூட்டிக்கொண்டு போனது

இவர், என்ர மனுசன், 2009ல போர் முடிஞ்ச முள்ளிவாய்க்காலில கடைசி வரைக்கும் இருந்தவர், பிறகு செட்டிக்குளம் முகாம், அதுக்குப் பிறகுதான் கனடா. மே 18 வாற அதே நாட்களிலதான் இங்க விக்டோரியா டேக்கு வெடி கொளுத்துறவை, அந்தச் சத்தத்துக்கு மகனை இழுத்துக்கொண்டு பேஸ்மென்ற்றுக்கு ஓடுவார். மகன் இங்க பிறந்தவன், ஒரு ஷெல் சத்தமும் கேட்டதில்லை, ஆனா கதவு அடிச்சுச் சாத்தினாலே அவனும் திடுக்கிடுறான்.

மனநல டொக்டரிட்ட போவம் எண்டா "எனக்கென்ன விசரோ" எண்டு சண்டை. அதால நித்திரை இல்லாததையும் தலையிடியையும் சொல்லித்தான் ஃபமிலி டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போனனான், ரெண்டும் உண்மையா இருந்ததுதானே. குளிசையோட அனுப்பப் பாத்தார், நான் விடேல்ல, போர், முகாம், கனவு, கத்துறது எல்லாம் பேப்பரில எழுதிக் குடுத்து மனநல ஆக்களிட்ட அனுப்பிற ரெஃபரல் கேட்டனான். நீங்களும் எழுதிக்கொண்டு போங்கோ, அங்க போனா வாய் வராது.

சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல டொக்டர் எண்டா ஓஹிப்பில (ஒன்ராறியோ அரசாங்கத்தின்ர மருத்துவக் காப்புறுதி) வரும், தனியார் சைக்கோலஜிஸ்ட் எண்டா நாங்கள்தான் காசு கட்டோணும். அகதி வழக்கு முடியாத ஆக்கள் இன்டரிம் ஃபெடரல் ஹெல்த்தில (அகதிகளுக்கு மத்திய அரசாங்கம் குடுக்கிற மருத்துவக் காப்புறுதி) கவுன்சிலிங் எடுக்கலாமோ எண்டு விசாரியுங்கோ. டொரன்டோவில சித்திரவதைப்பட்ட ஆக்களுக்கெண்டே 1977ல தொடங்கின கனேடியன் சென்ரர் ஃபோர் விக்டிம்ஸ் ஒஃப் டோர்ச்சரும் இருக்கு.

பெரிய இடைஞ்சல் மொழிபெயர்க்கிற இன்டர்ப்ரிட்டர்தான். முதல் வந்தவர் "எந்த ஊர்" எண்டு கேட்ட உடன இவர் வாயைத் திறக்கேல்ல. கதை ஊருக்குப் போயிடும், அங்க இருக்கிற அண்ணை ஆக்களுக்குப் பிரச்சினை வரும் எண்ட பயம். பிறகு வேற ஆளைக் கேட்டு, ஃபோனிலயே, இவற்ற பேர் சொல்லாமச் செய்தம். தயவுசெய்து பிள்ளையளை மொழிபெயர்க்க விடாதேங்கோ, தகப்பன் பட்டதெல்லாம் பிள்ளையின்ர வாயால வரக்கூடாது.

கவுன்சிலர் கன காலமா போரைப் பற்றிக் கேக்கவே இல்லை, முழுக்க நித்திரைதான். கனவில எழும்பினா காலை நிலத்தில அழுத்தி வச்சு, கண்ணுக்குத் தெரியிற சாமானுகளைப் பேர் சொல்லி, "இது ஸ்காபரோ, நான் வீட்டில இருக்கிறன்" எண்டு சொல்லப் பழக்கினவ. அது பிடிபட்ட பிறகுதான் தன்ர தங்கச்சியைப் பற்றி தானாக் கதைச்சவர். மகனிட்டயும் "அப்பா கத்துறது உன்னால இல்லை" எண்டு ரெண்டு பேரும் இருந்து சொன்னம், டீச்சருக்கும் விளங்கப்படுத்தினம். இப்பவும் மே மாசம் கஷ்டம்தான், ஆனா வெடிக்கு முதலே கதைச்சு ஆயத்தமா இருக்கிறம்.

இப்பிடி ஒரு குடும்பம் உங்களுக்குப் பக்கத்தில இருந்தா அங்க என்ன நடந்தது எண்டு தோண்டாதேங்கோ. கவுன்சிலிங் இருக்கிற நாளில கார்ல ஏத்தி இறக்குங்கோ, பின்னேரம் பிள்ளையைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அந்த வீட்டு மனுசிக்கு ஒரு நேரச் சமையலைக் குறையுங்கோ.