பிப்ரவரியில் நின்றுபோகும் வேதவாசிப்பு

புதுவருஷ ஆராதனை முடிந்து வந்த கையோடு வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தைத் திறப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் எங்கே நின்றுபோவார்கள் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். வருஷத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் வாசிக்க வேண்டும். வாரநாளில் 3, ஞாயிறன்று 5 என்று பிரித்துக்கொள்வது இதனால்தான். அந்த வேகத்தில் ஜனவரி 23 வாக்கில் யாத்திராகமம் 25 வந்துவிடும்: ஆராதனைக்கான ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, பாதம், திரை என்று அளவுக்கு மேல் அளவு. மாதக் கடைசியில் லேவியராகமம். இதற்கு நடுவே ஒரு காய்ச்சல், ஒரு கலியாணம் வந்து நான்கு நாள் விட்டுப்போனால் பதின்மூன்று அதிகாரம் பாக்கி. வட்டி ஏறுகிற கடன் மாதிரிதான், பாக்கியைப் பார்த்த பயத்திலேயே புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

ஆகவே தேதி போட்ட அட்டவணை வேண்டாம். அதிகார எண்கள் மட்டும் உள்ள தாளை வேதாகமத்துக்குள் வைத்து, வாசித்ததை டிக் செய்யுங்கள். விட்ட நாள் விட்டதுதான், ஈடுகட்டக் கூடாது. புதிதாக ஆரம்பிப்பவருக்குப் புதிய ஏற்பாடு வசதி: 260 அதிகாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று, சரியாக 52 வாரம். மாற்குவில் தொடங்கலாம், 16 அதிகாரம்தான். வாய்விட்டு வாசியுங்கள். தெரிந்த வசனம் என்றால் கண் தாவிவிடும், வாய் அவ்வளவு எளிதில் தாவாது. போனில் வாசிப்பவர்கள் முதலில் டேட்டாவை அணைக்கட்டும்.

பழைய ஏற்பாட்டுக்கு வரும்போது லேவியராகமத்தைத் தனியாகப் பிரித்து வாசித்தால் அலுப்புத்தான் மிஞ்சும். யாத்திராகமம் 40:35-இல் கூடாரம் கட்டி முடிந்தும் மோசேயால் உள்ளே போக முடியவில்லை. லேவியராகமத்தின் முதல் வசனத்தில் கர்த்தர் கூடாரத்திலிருந்து அவனைக் கூப்பிடுகிறார். எண்ணாகமத்தின் முதல் வசனத்தில் மோசேயோடு கூடாரத்தில் பேசுகிறார். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், வெளியே நின்றவன் உள்ளே வந்ததற்கு நடுவிலுள்ள பலிகளின் விவரம் எதற்கென்று புரிய ஆரம்பிக்கும்.

வாரத்தில் வாசிப்பில்லாத மீதி இரண்டு நாளில் ஒன்று படிப்புக்கு, அதாவது ஒரு பகுதியை ஆராய்ந்து பார்ப்பதற்கு. வாசிப்பையும் படிப்பையும் ஒரே உட்காரலில் குழப்பினால் இரண்டுமே நடக்காது. முக்கால் மணி நேரம், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். ஜெல் பேனா வேண்டாம், மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறிவிடும்.

தேவனுடைய வாக்காக ஒரு வசனத்தை அச்சிட்டுத் தரும் வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருகிற எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம்: ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ முதல் வேலை, அந்த வசனத்தை ஓரமாக வைத்துவிட்டு 29-ஆம் அதிகாரத்தின் 32 வசனங்களையும் இரண்டு தடவை வாசிப்பது. யார், யாருக்கு, எப்போது என்பதற்கெல்லாம் முதல் மூன்று வசனங்களிலேயே பதில் இருக்கிறது: பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் இது. 5 முதல் 7 வரை, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. 8, 9-இல் பொய்த் தீர்க்கதரிசிகளைப் பற்றிய எச்சரிப்பு. 10-இல் எழுபது வருஷம். அதற்கு அப்புறம்தான் 11.

இப்போது ஒரு அதிகாரம் பின்னால் போங்கள். 28-இல் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்கிறான். ஜனங்களுக்குப் பிடித்த கணக்கு அது. கடிதமோ எழுபது என்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. வாக்கு ஒரு ஜனத்துக்குக் கொடுக்கப்பட்டது, பேரப்பிள்ளைகள் காலத்தில் நிறைவேறுவது. ‘இந்த வருஷம் சொந்த வீடு’ என்று இதை எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு சங்கடம்: வீடு கட்டச் சொல்வதும் இதே கடிதம்தான், ஆனால் கட்ட வேண்டிய ஊர் பாபிலோன்.

பத்தி பிரிப்பதை நீங்களே செய்ய வேண்டும். நாம் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு வசனமும் தனி வரி. எங்கே பேச்சு திரும்புகிறது என்று தெரியாது. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது, புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல். எழுதியவர்கள் போட்டதல்ல. ஏசாயா 53 என்று நாம் சொல்லும் பகுதி உண்மையில் 52:13-இல் ஆரம்பிக்கிறது.

பிறகு ஒத்துவாக்கியங்கள், அதாவது இதே விஷயத்தைப் பேசும் வேறு வசனங்கள். எழுபது வருஷத்துக்கு எரேமியா 25:11, தானியேல் 9:2 இரண்டையும் பாருங்கள். பெயர்களில் கவனம் தேவை: 29:2-இல் வரும் எகொனியாவும் 22:24-இல் வரும் கோனியாவும் 2 இராஜாக்கள் 24-இல் வரும் யோயாக்கீனும் ஒரே ராஜாதான். அவன் சிறைப்பட்டுப் போனது கி.மு. 597-இல்.

விளக்கவுரை கடைசியில். முதலிலேயே திறந்தால் அதை எழுதியவர் கேட்ட கேள்விதான் உங்கள் நோட்டிலும் இருக்கும். உங்கள் கேள்விகளை எழுதிவைத்து, அவற்றுக்கு மட்டும் தேடுங்கள். பதில் கிடைக்காததை அடுத்த வாரப் பக்கத்தின் மேல் வரியில் எழுதிவிடுங்கள்.