ஸ்கேல் வச்சு அளந்த சாளை

அக்டோபர் 6, 2024, குளச்சல்

இன்னைக்கு கரையில எங்க பாத்தாலும் சாளைதான் (மத்தின்னும் சொல்வாங்க), கூடை கூடையா கிடக்கு, ஆனா எல்லாம் பொடிசு. வீட்டுக்கு கொண்டு வந்து மகளோட ஸ்கேல எடுத்து பத்து மீன அளந்தேன், ஒண்ணுகூட 11 சென்டிமீட்டர தாண்டல. நல்லா வளந்தா 20 வரைக்கும் போற மீனு இது. அப்பா வறுத்ததுல ஒண்ண கடிச்சுப் பாத்துட்டு "நெய்யே இல்லியே மக்கா"ன்னு தட்ட தள்ளி வச்சிட்டாரு. அவரு சொல்ற நெய்ச்சாளைய கல்லுல போட்டா எண்ணெயே ஊத்த வேண்டாம், அதுலருந்தே உருகி வரும்.

அக்டோபர் 9

அப்பா சொல்வாரு, ஆனி ஆடியில தணுப்பு வெள்ளம், அதாவது குளிர்ந்த கடல்தண்ணி, ஏறினாத்தான் சாளை வரும்னு. அது அப்படியே உண்மை. அந்த மாசங்கள்ல காத்து மேல்தண்ணிய கரையிலருந்து வெளிய தள்ளிடுது, அடியிலருந்து குளிர்ந்த தண்ணி சத்தோட மேல ஏறுது, வெயில் பட்டதும் கண்ணுக்கு தெரியாத பாசி பெருகுது, சாளைக்கு அதுதான் சோறு. மேல்தண்ணி ரொம்ப சூடாயிட்டா அது மூடி மாதிரி நின்னுக்கும், அடித்தண்ணி ஏறாது. சூட்டுத்தண்ணியில ஆக்சிஜனும் குறைவு, மீனுக்கு உசுரோட இருக்கவே நிறைய சக்தி செலவாகும், அப்புறம் உடம்பு எங்க வைக்கும்.

கேரளாவுல 2012ல கிட்டத்தட்ட 4 லட்சம் டன் சாளை பிடிச்சாங்க, 2021ல அது வெறும் 3,300 டன்னு பக்கம் வந்துடுச்சு. இத நினைச்சாலே வயிறு கலங்குது. 1980கள் வரைக்கும் பேருக்கு மட்டும் கிடைச்ச கிழக்குக் கரையிலயோ அதுக்கப்புறம் மத்தின்னு நிறையவே பட ஆரம்பிச்சுது.

அக்டோபர் 13

அப்ப இந்த வருசம் ஏன் இவ்வளவு மீன்பாடு? குஞ்சுக நிறைய பிழைச்சிருக்கு, ஆனா கூட்டம் கூடினா தீனி பங்கு போடணும், அதான் வளரலன்னு நான் நினைக்கேன். கேரளாவுல 10 சென்டிமீட்டருக்கு கீழ உள்ள சாளைய பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, இங்கயும் அத மனசார கடைபிடிக்கணும், ஒரு தடவ முட்டை போடக்கூட விடாம அள்ளிட்டு அடுத்த வருசம் கடல குத்தம் சொல்றது நியாயமே இல்ல.

அக்டோபர் 20

இன்னைக்கு அளந்ததுல ரெண்டு 12 இருந்துச்சு. நோட்டுல எழுதிட்டு இருக்கும்போது அப்பா பக்கத்துல வந்து உக்காந்தாரு, "நீளத்த மட்டும் எழுதாத, வயித்த கீறிப் பாத்து நெய் இருக்கான்னும் எழுது"ன்னாரு. கீறினேன். ஒண்ணுல மட்டும் குடல ஒட்டி வெள்ளையா, நூல் கணக்கா கொஞ்சம் இருந்துச்சு.