ஈரக் கையுறை

அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் கால்பந்து அணிகளில் பொதுவாக மூன்று அல்லது நான்கு கோல்கீப்பர்கள் இருப்பார்கள். களத்தில் நிற்பவர் ஒருவர்தான். நடுக்கள வீராங்கனை களைத்துப்போனால் இன்னொருத்தியை இறக்கிவிடலாம்; கோல்கீப்பரையோ, அடிபட்டாலொழிய, ஆட்டத்தின் நடுவே பெரும்பாலும் யாரும் மாற்றுவதில்லை. பன்னிரண்டு சீசன்களாகக் கோல்கீப்பர் பயிற்சியாளராக இருக்கும் எனக்கு, என் வேலையின் பெரும்பகுதி ஆடக் கிடைக்காதவர்களோடுதான் என்பது உறைக்கவே நான்கைந்து ஆண்டுகள் ஆயின.

முதல் ஏழு சீசன்களுக்குச் சம்பளம் கிடையாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவு விதிகளில் அப்போது ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ என்றொரு இடம் இருந்தது. பல கல்லூரிகளில் அதில் உட்காரவைக்கப்பட்டவர் கோல்கீப்பர் பயிற்சியாளர்தான். கோடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்திய முகாம்களின் வருமானத்தில் வாடகை கட்டினேன். 2023 ஜூலையில் அந்த இடத்தையே விதிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குள் நான் வேறொரு கல்லூரியில் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தேன்.

வேலை என்று பார்த்தால், பெரும்பாலும் உதைப்பதுதான். 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட கோலில், சொன்ன இடத்துக்குச் சொன்ன வேகத்தில் பந்தை அனுப்பத் தெரியாதவரிடம் ஒரு கோல்கீப்பர் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. ஒரு நாளைக்கு இருநூறு பந்துகளாவது உதைப்பேன். என் வலது இடுப்பு அதற்கான கணக்கை ஒவ்வொரு நவம்பரிலும் தீர்த்துக்கொள்கிறது. சரியாகப் பிடிபட்ட பந்து மந்தமான ஓசையோடு கையுறைக்குள் அடங்கும். உள்ளங்கையில் அறைவதுபோல் ஒலித்தால் மணிக்கட்டு விறைத்திருக்கிறது என்று பொருள். திரும்பிப் பார்க்காமலே யார் பிடித்தது என்றுகூடச் சொல்லிவிடுவேன். 1992இல் வந்த பேக்பாஸ் விதிக்குப் பிறகு, சக வீராங்கனை வேண்டுமென்றே காலால் தள்ளிவிடும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்பதால், பயிற்சியில் பாதி நேரம் கால்களுக்கே போய்விடுகிறது.

புதிதாகச் சேரும் பெண்களுக்கு, அமெரிக்க அணியின் கோல்கீப்பராக இருந்த பிரையானா ஸ்கரியின் காணொளியை நான் தவறாமல் காட்டுவதுண்டு. மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக அணியில் ஆடி வந்த அவர், 1999 பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், ரோஸ் பவுல் அரங்கில் 90,185 பேர் பார்த்திருக்க, சீனாவின் லியு யிங் உதைத்த பெனால்டியைத் தடுத்தார். உதைக்கு முன்பே அவர் விதியை மீறிக் கோல் கோட்டிலிருந்து முன்னால் வந்துவிட்டதைச் சில பெண்கள் கண்டுபிடித்து என்னை மடக்குவார்கள். அதே ஸ்கரியின் ஆட்ட வாழ்க்கை 2010இல் தலையில் பட்ட ஓர் அடியோடு முடிந்தது என்பதை நான் சொல்லும்போது அறை அமைதியாகிவிடும்.

சொல்வது எளிது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் ஆட்டத்தில், எங்கள் முதல் கோல்கீப்பர் எதிரணி வீராங்கனையின் காலடியில் பாய்ந்து, முழங்கால் நெற்றிப்பொட்டில் பட்டு விழுந்தாள். “ஒண்ணுமில்ல கோச்” என்று எழுந்து நின்றாள். நம்பிவிடவே எனக்கு ஆசையாக இருந்தது; மறுப்பு எதுவும் சொல்லாமல் நின்றேன். அணியின் மருத்துவ உதவியாளர்தான் அவள் கையுறைகளைக் கழற்றி வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்; அவள் திரும்பி ஓடிவிடக் கூடாது என்பதற்காக.

இரண்டாவது கோல்கீப்பர் அப்போது மூன்றாமாண்டு மாணவி. மூன்று சீசன்களாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், தான் இறங்கப்போவதில்லை என்று தெரிந்தும், தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்துக் கையுறைகளின் லேடெக்ஸை நனைத்து, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்து, பிடிமானம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு பெஞ்சில் அமர்வாள். இடைவேளையில் மறுபடியும் நனைப்பாள். அன்று அவளுக்குப் பத்தொன்பது நிமிடங்கள் கிடைத்தன. பேக்பாஸ் ஒன்றைப் பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே உதைத்தாள். கூட்டத்துக்கு நடுவே எம்பி ஒரு கார்னர் பந்தைப் பிடித்தாள். அந்த ஓசை பெஞ்சுவரை கேட்டது.

அடுத்த ஆட்டத்துக்கு யாரை நிறுத்துவது என்று தலைமைப் பயிற்சியாளர் என்னைக் கேட்டார். முதலாமாண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். உயரமானவள், காலில் நல்ல நிதானம். அவள் பெயரைத்தான் சொன்னேன். ஆட்டக் கணக்கில் அது சரியான பதில் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவை மூத்தவளிடம் நானே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் அவளாகப் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டேன்.

2025 முதல் பெரும்பாலான பெரிய கல்லூரிகளில் அணிக்கு 28 பேர் என்று வரம்பு வந்திருக்கிறது. பட்டியலைச் சுருக்க உட்காரும்போது முதலில் பேச்சுக்கு வருவது நான்காவது கோல்கீப்பரின் பெயர்தான். அந்தக் கூட்டங்களில் இப்போது நான் கொஞ்சம் உரக்கவே பேசுகிறேன்.

அந்த அடுத்த ஆட்டம் நடந்த சனிக்கிழமை, முதலாமாண்டுப் பெண்ணுக்குப் பந்து உதைத்துப் பழக்கிவிட்டு நான் பெஞ்சுக்குத் திரும்பியபோது, மூத்தவள் போத்தலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தன் கையுறைகளை நனைத்து முடித்ததும், மிச்சத் தண்ணீரோடு எழுந்து போய் அந்தச் சின்னவளின் கையுறைகளிலும் ஊற்றினாள்.