மொட்டை மாடி லெட்டூஸும் இரவுப் புழுக்களும்

மூன்று நாட்களாக மனசு சரியில்லை. சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில், வேலூர் வெயில் தணியும் கார்த்திகைக்காகக் காத்திருந்து விதைத்த லெட்டூஸ். ஒரு கை அகலத்துக்கு வந்த இலைகள் காலையில் பார்த்தால் வலை போல ஓட்டையாகிக் கிடக்கின்றன. கறுப்பு எச்சம் மட்டும் இருக்கிறது, புழுவைக் காணோம்.

"பகலில் தேடினால் கிடைக்காது கண்ணு, ராத்திரி விளக்கோடு வா" என்றார் பக்கத்து வீட்டு ஆயா. குடியாத்தம் பக்கம் வேர்க்கடலை போட்டவர். பத்து மணிக்கு டார்ச் அடித்தோம். ஒரே தொட்டியில் பதினொன்று! வெட்டுப்புழு. பகலில் மண்ணுக்குள் பதுங்கிக்கொண்டு இரவில் மேய்கிறது.

இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். அடியில் பழுப்புப் பஞ்சு ஒட்டியது போல ஒரு திட்டு. அது முட்டைக் குவியல், நூற்றுக்கணக்கில் இருக்குமாம். அந்த ஓர் இலையைக் கிள்ளி எறிந்தால் ஒரு படையே ஒழிகிறது. இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா!

பச்சையாகத் தின்னும் இலையில் பூச்சிமருந்து அடிக்க எனக்கு மனம் வரவில்லை. 50 கிராம் வேப்பங்கொட்டைத் தூளை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் இறங்கிய பிறகு இளஞ்செடிகளுக்கு மட்டும் தெளித்தேன். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். பறிக்கப்போகும் செடிகளுக்குக் கைதான் மருந்து.

ஓரத்தில் இரண்டு ஆமணக்கு விதையும் ஊன்றியிருக்கிறேன். இந்தப் புழுவின் தாயான அந்துப்பூச்சி ஆமணக்கு இலையைத் தேடிப் போய் முட்டையிடுமாம். நேற்றிரவு நான்கு புழுக்கள்தான் கிடைத்தன. இன்றும் பத்து மணிக்கு மாடிக்குப் போகிறேன்.