திரும்பி வந்த காடும் மிஞ்சி நின்ற காடும்

ஹாங்காங்கில் தை போ காவ் காட்டுக்குள் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சாலை இரைச்சல் அடங்கிவிட்டது. நண்பகலிலும் பாதையில் நல்ல நிழல். 1926-ல் இங்கே மரம் நடத் தொடங்கியபோது இது மொட்டை மலைச்சரிவு. அண்ணாந்து பார்த்தபடி நடந்த எனக்கு அதை நம்பவே கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாள் முன்புதான் சிங்கப்பூரில் புக்கிட் தீமா குன்றில் ஏறியிருந்தேன். அங்கே செராயா மரங்கள் கிளையே இல்லாமல் நேராக உயர்ந்து, எங்கோ மேலே போய்க் குடை விரிக்கின்றன. 1854-ல் இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸல் வாலஸ் வண்டு சேகரித்த காடு இது. அதில் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. அடிமரத்தில் கை வைத்துச் சற்று நேரம் நின்றேன்.

ஹாங்காங் மலைகளை மக்கள் பல நூற்றாண்டுகளாக விறகுக்கும் புல்லுக்கும் வெட்டி வந்தார்கள். பிறகு நட்டு வளர்த்த மரங்களும், 1941 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது பெரும்பாலும் அடுப்புக்குப் போயின. போர் முடிந்ததும் மறுபடி நட்டார்கள். மண்ணெண்ணெயும் எரிவாயுவும் வந்த பிறகு மலையில் விறகு வெட்ட ஆள் இல்லை. 1976-ல் இயற்கைப் பூங்காச் சட்டம் வந்தது. இன்று நிலப்பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் பூங்காக்களாகவும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாகவும் இருக்கிறது. அதில் புல்வெளியும் புதர்க்காடும் அடக்கம், எல்லாமே மரக்காடு அல்ல.

சிங்கப்பூரில் நடந்தது நேர்மாறு. ஆங்கிலேயர் வந்த 1819-ல் தீவில் பெரும்பகுதி காடு. அப்புறம் தோல் பதனிடவும் சாயமேற்றவும் சாறு தரும் கேம்பியர் செடியின் தோட்டங்கள் வந்தன. கேம்பியர் இலையைக் கொதிக்க வைத்துத்தான் சாறு எடுக்க வேண்டும். தோட்டம் போட ஒரு காடு, அடுப்பெரிக்க இன்னொரு காடு என்று இரண்டுமே அழிந்தன. சில வருடங்களில் மண் சத்திழந்ததும் தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கு நகர்ந்துவிட, விட்டுப்போன நிலத்தில் லாலாங் என்ற களைப்புல் முளைத்தது. பழைய காடு இன்று நிலப்பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

பரப்பை மட்டும் பார்த்தால் ஹாங்காங்தான் ஜெயித்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தை போ காவில் செம்மீசைச் சின்னான்களின் சத்தம் ஓயவே இல்லை. சின்னப் பழங்களைத் தின்று விதை பரப்பி, ஹாங்காங் காட்டைத் திரும்ப வளர்ப்பதில் சின்னான்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவற்றின் அலகுக்குள் அடங்காத பெரிய விதைகளைச் சுமந்து போகக்கூடிய உயிர்கள் பலவும் அங்கே எப்போதோ மறைந்துவிட்டன. அதனால் அந்த மரங்கள் தாமாகப் பரவுவது மிகவும் மெதுவாகத்தான் நடக்கிறது. சிங்கப்பூரிலோ, ஒருகாலத்தில் காணாமல் போன, பெரிய விதைகளையும் சுமந்து பரப்பும் இருவாச்சிப் பறவை 1990-களில் திரும்பி வந்தது.

புக்கிட் தீமாவுக்கும் குறை உண்டு. 1980-களில் போட்ட விரைவுச்சாலை அதைப் பக்கத்து நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்துவிட்டது. 2013-ல் சாலைக்கு மேலே விலங்குகளுக்கென்று 62 மீட்டர் நீளத்தில் மரம் நட்ட பாலம் கட்டினார்கள். செதில் போர்த்திய எறும்புத்தின்னியான அழுங்குகூட அதன் வழியாகக் கடந்திருக்கிறது. மனிதர்கள் அதன் மேல் சும்மா போய் நடக்க முடியாது, அதுவும் சரிதான்.

தை போ காவில் திரும்பும் வழியில், வரிசை பிசகாமல் நட்ட பழைய மரங்களைப் பார்த்தேன். நடுநடுவே யாரும் நடாத கன்றுகள் ஒழுங்கில்லாமல் முளைத்திருந்தன. சில என் தோள் உயரம், ஒன்றிரண்டு தலைக்கு மேல். அந்த இடத்தில்தான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.