ரவுட்டர் இல்லாமல் இரண்டு கணினிகளை நேராக இணைத்த அனுபவம்

அப்பாவின் பழைய டெஸ்க்டாப்பில் ஓடுவது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அந்தக் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்பதால் புதிதாக ஒன்று வாங்கினோம். பழையதில் கிட்டத்தட்ட 500 ஜிபி இருந்தது: கல்யாண வீடியோக்கள், தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள், அப்பா ஸ்கேன் செய்து வைத்த வீட்டுப் பத்திரங்கள். ஒன்றும் தொலையக் கூடாது.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் ஃபிளாட்டில் ரவுட்டர் ஹாலில் இருக்கிறது, கணினிகள் உள்ளறையில். வைஃபையில் காப்பி போட்டால் வேகம் ஏறி இறங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் ஒரே லேன் கேபிளை இரண்டுக்கும் நடுவே நேராகச் செருகிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"அதுக்கு கிராஸ் கேபிள்னு தனியா ஒண்ணு வேணுமே?" என்றார் அப்பா. பழைய லேன் கார்டுகள் இருந்த காலத்தில் அது உண்மைதான். இப்போதைய கிகாபிட் போர்ட்டுகள் (நொடிக்கு 1000 மெகாபிட் வேகம் கொண்டவை) எந்தக் கம்பி ஜோடியில் அனுப்புவது, எந்த ஜோடியில் வாங்குவது என்று தாமே சரிசெய்துகொள்ளும். சாதாரண கேபிளே போதும்.

செருகியதும் இரண்டு பக்கமும் விளக்கு எரிந்தது. ஆனால் விண்டோஸ் 'அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்' என்றது. கணினியின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்துப் பார்த்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி. பலர் இதைக் கண்டதும் கேபிள் போச்சு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முகவரி கொடுக்க ரவுட்டர் இல்லாதபோது கணினி தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் முகவரி அது. நான் கையாலேயே போட்டேன்: பழையதற்கு 192.168.50.1, புதியதற்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வேயை, அதாவது வெளி நெட்டுக்குப் போகும் வழியின் முகவரியை, காலியாக விட வேண்டும். எங்கள் வைஃபை 192.168.1 வரிசையில் ஓடுவதால்தான் 50 என்று வைத்தேன். இரண்டும் ஒரே வரிசையாக இருந்தால் எது எந்த வழியாகப் போவது என்று கணினிக்குக் குழப்பம் வரும்.

அப்புறம் பிங், அதாவது ஒரு கணினி இன்னொன்றைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. புதியதிலிருந்து பழையதற்குப் பதில் வந்தது. பழையதிலிருந்து புதியதற்கு 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. ஒரு திசையில் பதில் வந்துவிட்டாலே கேபிளும் முகவரியும் சரி என்று அர்த்தம், ஏனென்றால் அந்தப் பதிலே இரண்டு திசையிலும் போய் வந்ததுதான். தடுப்பது புதியதின் ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் பாதுகாப்பு. அதை மொத்தமாக அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செட்டிங்ஸில் லேன் இணைப்புக்கான ஈதர்நெட் பக்கத்தில் நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்றிருந்ததை 'பிரைவேட்' ஆக்கி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தேன். பதில் வந்துவிட்டது.

புதியதில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து பழையதில் திறந்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. "பின் நம்பர் சரியாத்தானே போடுறேன், ஏம்பா தப்புன்னு சொல்லுது?" என்றார் அப்பா. பின் நம்பர் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து திறக்க மட்டும்தான். நெட்வொர்க் வழியாக வர பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் இதற்கு ஏற்காது. புதியதில் தற்காலிகமாக ஒரு லோக்கல் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டு வைத்து, ஃபோல்டரில் எழுதும் உரிமையையும் கொடுத்தேன். உள்ளே போக முடிந்தது.

காப்பி தொடங்கியது, ஆனால் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை. அந்த வேகத்தில் 500 ஜிபிக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீட் 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட்தான், என்று காட்டியது. இரண்டு போர்ட்டும் கிகாபிட் என்பதால் இப்போதுதான் கேபிள் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள். 100-க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு முனைகள் போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். பிளக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழாவது இடத்தில் இருக்க வேண்டிய வெள்ளை-பிரவுன் கம்பி பிளக்கின் நுனிவரை வராமல் பாதியிலேயே நின்றிருந்தது.

ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் டெஸ்டரில் மாட்டினார். விளக்குகள் ஒன்று, இரண்டு என்று வரிசையாக எரிந்து, ஏழில் எரியாமல் எட்டுக்குத் தாவியது. "ஏழு வரலை பாருங்க சார், கேபிள் நல்லாத்தான் இருக்கு, தல மட்டும் மாத்தினா போதும்." பழைய பிளக்கை வெட்டிவிட்டு, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று அடுக்கி, நுனியைச் சமமாக நறுக்கி, புது பிளக்கில் செருகி அழுத்திப் பொருத்தி கிரிம்ப் செய்தார். அந்தக் கை வேகம் பார்க்கவே அழகு.

வீட்டில் செருகியதும் லிங்க் ஸ்பீட் 1000. பெரிய வீடியோக்கள் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் போயின. சின்னச் சின்னப் படங்கள் எப்போதும்போல மெதுவாகத்தான். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும் என்று விண்டோஸிலேயே இருக்கும் காப்பி கட்டளையான ரோபோகாப்பியில் ஓடவிட்டேன்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டோம். பத்திரங்களை அப்பா ஒவ்வொன்றாகத் திறந்தே பார்த்தார். அதன்பிறகு தற்காலிகக் கணக்கை நீக்கி, ஷேரிங்கை அணைத்து, ஐபி முகவரியை 'ஆட்டோமேட்டிக்'குக்குத் திருப்பினேன். இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் விட்டால், பின்னால் அதே போர்ட்டில் ரவுட்டர் கேபிளைச் செருகும்போது நெட் வராது.