கே-கியூவிலிருந்து கே-ஒன்-சி வரை: இரண்டு அலுமினியத் தகடுகளைச் சோதித்த அனுபவம்

விரிசலுள்ள பொருள் பிளவுபடாமல் எதிர்க்கும் திறனை அளக்கும் முறிவுறுதிச் சோதனையில் எந்திரம் மாதிரித் துண்டைப் பிளக்க எடுத்துக்கொள்வது சில நிமிடங்களே. அப்போது கிடைக்கும் எண்ணை அந்தப் பொருளின் பண்பு என்று எழுதும் தகுதியைப் பெறுவதற்குத்தான் மற்ற உழைப்பெல்லாம் செலவாகிறது. பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வுக்காக 7075-டி651, 2024-டி351 ஆகிய அலுமினியக் கலவைகளின் 25 மில்லிமீட்டர் தகடுகளைச் சோதித்ததை, இதே வேலையில் இறங்கவிருக்கும் மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

துண்டுகளை வெட்டிக் கொடுத்தது பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில், மின்பொறிக் கம்பியால் உலோகத்தை வெட்டும் ஒரு வயர்கட் பட்டறை. அங்கே எந்திரத்தை இயக்கிய தருமபுரிக்காரர், வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே, “தம்பி, ரோலிங் எந்தப் பக்கம்னு தகட்டுலயே அம்புக்குறி போட்டுக் கொடுத்துடுங்க; வெட்டினப்புறம் கேட்டா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது” என்றார். உருட்டும்போது உலோகத்தின் மணிகள் ஒரே திசையில் நீண்டுவிடுவதால், அவற்றைக் குறுக்காக வெட்டிச் செல்லும் விரிசலும் அவற்றின் போக்கிலேயே ஓடும் விரிசலும் ஒரே எதிர்ப்பைச் சந்திப்பதில்லை. திசை குறிப்பிடாத முறிவுறுதி எண்ணை நான் நம்புவதில்லை.

துண்டில் வயர்கட் வெட்டிய காடி, அதாவது தொடக்கப் பள்ளம், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அதன் முனை மழுங்கலானதே. ஆகவே சுமையை மாறி மாறி ஏற்றி இறக்கி, காடியின் முனையிலிருந்து உண்மையான விரிசல் ஒன்றை வளர்க்க வேண்டும். நொடிக்கு 10 சுழற்சி என்றால் மணிக்கு 36,000 சுழற்சிகள். துண்டின் பக்கவாட்டை வைரப் பசையால் கண்ணாடிபோலத் தேய்த்து வைத்திருந்தும், நகரும் நுண்ணோக்கியில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் அந்த மயிரிழை தென்படும். விரிசல் வளர வளரச் சுமையைக் குறைத்து, இறுதிக் கட்டத்தில் தகைவுச் செறிவின் (விரிசல் முனையில் தகைவு எவ்வளவு குவிகிறது என்பதன் அளவு; குறியீடு கே) உச்சத்தை, சோதனையில் கிடைக்கப்போகும் கே-கியூ மதிப்பில் 60 விழுக்காட்டுக்குள் வைக்க வேண்டும் என்கிறது இந்தச் சோதனைக்கான ஏ.எஸ்.டி.எம். இ399 தரநிலை. அவசரப்பட்டுச் சுமையைக் கூட்டினால் முனையைச் சுற்றிய உலோகம் இளகி (மீளாதபடி நெளிந்து), விரிசல் மழுங்கி, முறிவுறுதி உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

சோதனையில் சுமையையும் காடி வாயின் திறப்பையும் வரைபடமாக்கி, தொடக்கச் சரிவைவிட 5 விழுக்காடு குறைந்த கோடு அதை வெட்டும் இடத்தை வைத்துக் கணக்கிட்டால் கே-கியூ கிடைக்கும். இது தற்காலிக எண்; பின்வரும் நிபந்தனைகளில் தேறினால்தான் அதைப் பொருளின் முறிவுறுதி, அதாவது கே-ஒன்-சி, என்று எழுதலாம். உச்சச் சுமை இந்தச் சுமையைப் போல் 1.10 மடங்கைத் தாண்டக் கூடாது. துண்டின் தடிமனும், விரிசலுக்கு எதிரே மிஞ்சியிருக்கும் உலோகமும் போதிய அளவு இருக்க வேண்டும். முறிவுறுதியை ஈல்ட் வலிமையால் (உலோகம் மீளாதபடி நெளியத் தொடங்கும் தகைவால்) வகுத்து, அதை வர்க்கப்படுத்தி, 2.5 ஆல் பெருக்கினால் தேவையான அளவு தெரியும். 7075-க்கு முறிவுறுதி சுமார் 28 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர், ஈல்ட் வலிமை சுமார் 500 மெகாபாஸ்கல் என்று வைத்தால் 8 மில்லிமீட்டரே போதும். எங்கள் தகடு சிரமமின்றித் தேறியது. 2024-க்கு அவை சுமார் 36, 325 என்பதால் 30 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். கையேட்டு மதிப்புகளை வைத்து முன்பே எதிர்பார்த்தபடி, அதன் எண் கே-கியூ என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

“தடியான தகடு வாங்கலாமா சார்?” என்று நெறியாளரிடம் கேட்டேன். “வாங்கலாம். ஆனா அது வேற தகடு. குளிர்ந்த வேகமும் உருட்டின அளவும் வேற. அப்புறம் எதை எதோட ஒப்பிடுவீங்க?” என்றார். எனவே 1968-இல் ஜேம்ஸ் ரைஸ் முன்வைத்த ஜே-தொகையீட்டின் (விரிசலை முன்னே தள்ளும் ஆற்றலின் அளவு) வழியில், ஏ.எஸ்.டி.எம்.-இன் இ1820 முறைக்கு மாறினோம். அதன் அளவு நிபந்தனை, இதே கலவைக்கு, அரை மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. முனையில் உலோகம் இளகுவதை ஜே கணக்கில் சேர்த்துக்கொள்வதே காரணம்.

சலுகைக்கு விலை உண்டு. திறப்பைச் சுமைக்கோட்டிலேயே, அதாவது சுமை இழுக்கும் நேர்கோட்டிலேயே, அளக்க வேண்டியிருந்ததால் காடியின் வாயை மாற்றி வரைந்து மறுபடி பீன்யாவுக்குப் போனேன். சுமையை அவ்வப்போது சிறிது இறக்கி, அந்தச் சரிவுகளிலிருந்து விரிசலின் நீளத்தைக் கணக்கிட வேண்டும். பிடியின் துளையில், துண்டைத் தாங்கும் உருளை ஊசி (பின்) தாராளமாக உருளாவிட்டால் உராய்வே சரிவுகளைக் குலைத்துவிடும். தட்டையான அடிப்பரப்புள்ள துளைகளோடு பிடிகளைப் புதிதாகச் செய்த பிறகே அவை ஒழுங்குக்கு வந்தன. எஃகாக இருந்தால் துண்டைச் சூடாக்கி, விரிசல் நின்ற எல்லையை நிறமேற்றிக் காட்டலாம். அலுமினியத்தில் அது நடக்காது என்பதால், மறுபடி சுழற்சிச் சுமை கொடுத்துத்தான் பிளந்தோம். பிளந்த முகத்தில் வழவழப்பான பட்டை, சொரசொரப்பான சாம்பல் நிறப் பட்டை, மீண்டும் ஒரு வழவழப்பு என மூன்றும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. நடுப்பட்டையின் அகலம்தான் விரிசல் கிழிந்து முன்னேறிய தூரம்.

ஆய்வேட்டின் அட்டவணையில் 7075-க்கு கே-ஒன்-சி என்றும், 2024-க்கு ஜே-யிலிருந்து மாற்றிய கே என்றும் தனித்தனித் தலைப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் தடிமனையும் விரிசலின் திசையையும் அருகிலேயே எழுதியிருக்கிறேன். 2024-இன் கே-கியூவும், எந்த நிபந்தனையில் தேறவில்லை என்ற குறிப்போடு, அதே பக்கத்தில் இருக்கிறது.